பண்ணை முற்றத்து ஞானஸ்நானத் தொட்டி

எழுநூறு ஆண்டுகளாக ஆல்டர்ஸ்டோ தேவாலயத்தில் நின்ற ஞானஸ்நானத் தொட்டியை, ஊரார் ஒருவரையும் கேளாமல், போதகர் ஃபென்விக் பண்ணை முற்றத்துக்குத் தள்ளிவிட்டார். நாக்கை நீட்டும் சிங்கங்கள் செதுக்கிய நார்மானியர் காலத்துக் கல் அது. தேவாலயத்தின் வட்ட வளைவுகளை இடித்துக் கூர் வளைவுகளாக்கிய பழுதுபார்ப்பின்போது, பெரிய வீட்டுச் சீமாட்டி லவினியா பளிங்குத் தொட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தாராம். அதற்கு இடம் வேண்டுமாம்!

தேவாலயத்தைப் பெருக்கிவந்த கெசையாவுக்கு நெஞ்சு கொதித்தது. அவளுடைய மூத்த பிள்ளைகள் நால்வரும் அந்தக் கல்லில்தான் ஞானஸ்நானம் பெற்றனர்; இருவர் இறந்துபோயினர். கல்லறையில் பெயர் பொறிக்க வசதியற்ற அவளுக்கு அவர்களின் நினைவாக எஞ்சியது அந்தத் தொட்டி ஒன்றே. இப்போது அதில் குதிரைகள் தண்ணீர் குடித்தன. கைக்குழந்தையோடு போதகரிடம் போனாள்.

"ஐயா, அதைத் திரும்ப வையுங்க."

"கீறல் விழுந்த கல்லு, கெசையா."

"கீறல் விழுந்ததையெல்லாம் தூக்கிப் போடணும்னா, கோபுரத்தையும் இறக்கிடுங்க."

"வாயை அடக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை உன் பிள்ளைக்குத்தான் புதுத் தொட்டியில முதல் ஞானஸ்நானம். சீமாட்டி அம்மாவே நேர்ல வர்றாங்க."

சனிக்கிழமை குழந்தை இருமியது. கெசையா மருத்துவச்சி டார்க்கஸை முற்றத்துக்கு இழுத்துச் சென்றாள். ஆபத்து நேரத்தில் யார் கொடுத்தாலும் ஞானஸ்நானம் செல்லும். ஒருமுறை பெற்றவருக்கு மறுமுறை இல்லை.

"ரெண்டு இருமலுக்கு ஆபத்தாடீ?" என்றாள் டார்க்கஸ்.

"ரெண்டு பிள்ளையப் புதைச்சவ நான். இருமினா ஆபத்துதான். குதிரையை அந்தப் பக்கம் தள்ளிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லு."

மறுநாள் சீமாட்டி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பளிங்குத் தொட்டியில் நீர் நிறைந்திருந்தது. முறைப்படி முதலில் கேட்க வேண்டியதைப் போதகர் கேட்டார்: "இக்குழந்தை ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றதா?"

"ஆச்சுங்கய்யா. நேத்து. உங்க பழைய தொட்டியில."

போதகர் டார்க்கஸை அழைத்து, ஊற்றியது தண்ணீர்தானா, உரைத்தது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரித்துவ நாமந்தானா என்று விசாரித்தார். எதிலும் குறையில்லை. குழந்தையைச் சபையில் ஏற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

"அப்போ என் தொட்டி?" என்றார் சீமாட்டி.

"குதிரைங்களுக்குக் குடுத்துடுங்கம்மா," என்றாள் கெசையா. "அதுங்க தொட்டியை நாங்க திரும்ப எடுத்துக்கிறோம்."

அந்த வாரமே பெருக்கும் வேலை பறிபோயிற்று. தொட்டியும் முற்றத்திலேயே கிடந்தது. கெசையாவுக்குப் பின்னர் பிறந்த இரண்டு பிள்ளைகளும், என்ன விந்தையோ, ஞானஸ்நானத்துக்கு முந்தின நாளில் தவறாமல் இருமினர்.