‘சூன்’ என்றால் எப்போது?

‘சூன்’, அதாவது ‘சீக்கிரம்’ என்று யாருக்கும் சுலபமாகச் சொல்லிவிடுகிற ஆள் நான், அந்த மாலை வரை.

சிங்கப்பூரில், பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நானும் நிறைமாதமாக இருந்த என் மனைவியும் மட்டும். அவசரப் பொத்தானை அழுத்தினேன்.

“டெக்னீஷியன் கமிங் சூன், சார்” என்றது ஒரு பெண் குரல்.

யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். “சூன், சார்.” மறுபடியும் அதே ‘சூன்’. மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே சின்னச் சத்தம் கேட்டாலும் கதவைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது.

“சூன்னா எப்போ லா? என் வைஃப் நிறைமாசம்!” ஆத்திரத்தில் தமிழிலேயே கத்திவிட்டேன்.

இந்த முறை அதே குரல் தமிழில் வந்தது. “அண்ணா, டைம் சொல்லக்கூடாதுன்னு எங்களுக்கு ரூல். பரவால்ல, சொல்றேன். ஆள் இன்னும் ஜாலான் புசார்லதான் இருக்காரு. மழை, ஒரே ஜாம். ஒரு மணி நேரம் ஆகும். அக்காவ சாஞ்சு உக்காரச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

ஒரு மணி நேரமா! மனைவியோ கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூச்சு மெல்லச் சீரானது. கதவு திறக்கும்வரை அந்தக் குரல் எங்களோடு பேசிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் பிரசவ அறையில் மனைவி என் கையை நெரித்தபடி, “எப்பங்க முடியும்?” என்று கேட்டாள். ‘சூன்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“தெரியலம்மா. நான் இங்கயேதான் இருக்கேன்” என்றேன்.

தலையை ஆட்டினாள். கையை மட்டும் விடவே இல்லை.