காலாவதியான அரசர்கள்

மருந்துக்கடை அக்காவுக்குக் காலாவதித் தேதி பார்ப்பதுதான் வேலை. தயாரித்த வருடத்தைவிடக் காலாவதி வருடம் சின்னதாக இருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். தபால்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதும் அந்தப் புத்தி போகவில்லை. கி.மு. 270இல் பட்டமேறிய அரசன் 235இல் செத்தான் என்றது பாடம். கேட்கலாமென்று தபால்வழிக் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டால் எடுக்க நாதியில்லை. அச்சுப்பிழைதான் என்று தேர்வில் எல்லா அரசர்களுக்கும் வருடத்தை மாற்றிப் போட்டாள். வரலாற்றில் ஃபெயில்.

"கி.மு.ன்னா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வரும்மா," என்றாள் மகள். "ஆறாங்கிளாஸ்லயே எங்க டீச்சர் சொல்லிட்டாங்களே."

"உனக்கு டீச்சர் வந்தாங்க," என்று புத்தகத்தைத் தள்ளினாள் அக்கா. "எனக்குத் தபால்காரர்தான் வந்தாரு. கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு."