ஹாம் ரேடியோவும் ஓர் அர்ச்சனைத் தேங்காயும்

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பட்டாபிராமிலிருந்து கிளம்பினோம். வண்டியை ஓட்டியவள் என் மனைவி செல்வி. என் மடியில் கைக்குழந்தை மாதிரி ஒரு பெட்டி. அதற்குள் என் ஹாம் ரேடியோ! பரீட்சை எழுதி உரிமம் வாங்கியும் இதுநாள்வரை மொட்டைமாடியில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். இன்று அது காருக்குள் குடியேறப் போகிறது.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டால் செய்தி சொல்ல, எங்கள் ஹாம் நண்பர்கள் இந்த மேற்குப் பக்கத்துக்கு ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆவடி, பூந்தமல்லி, மாங்காடு என மூன்று ஊர்களிலிருந்தும் பேசுவது ஐயப்பன்தாங்கலில் இருக்கும் எங்கள் குழுத் தலைவர் நாயகம் சாருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் சொதப்பினாலும் வாய்ப்பு இன்னொருவரின் ஜீப்புக்குப் போய்விடும். விட்டுக்கொடுக்க எனக்கா மனசு வரும்?

ஏழரை மணிக்கு ஆவடி. கார் எலக்ட்ரீஷியன் பஷீர் பாய் பெட்டியைப் பார்த்ததும் கண்ணை விரித்தார்.

"இன்னா சார், போலீஸ் வண்டியா மாத்தப் போறியா?"

"இல்ல பாய், ஹாம் ரேடியோ. சிம்மும் வேணாம், டவரும் வேணாம்."

"அப்போ ரீசார்ஜே கெடையாதா? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு சார்!"

பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர்களை இழுத்து, ஃபியூஸ் வைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் பெட்டியை முடுக்கினார். காந்தம் வைத்த ஆன்டெனா கூரையில் 'டப்'பென்று ஒட்டிக்கொண்டது. கூலி எண்ணூறு ரூபாய். புதுப்பெட்டி சும்மா இருக்கலாமா? செல்வி சந்தனமும் குங்குமமும் இட்டாள். மைக்கில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் நாம் பேசலாம். விட்டால்தான் எதிராளி பேசுவது கேட்கும். அமுக்கி, உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அழைப்புக் குறியைச் சொன்னேன்.

"ஆவடி தெளிவு. அடுத்தது பூந்தமல்லி." நாயகம் சாரின் கரகரத்த குரல்!

நான் துள்ளியதில் தலை கூரையில் இடித்தது. பஷீர் பாய் விசிலே அடித்துவிட்டார்.

பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் தாண்டிப் பத்து கிலோமீட்டர். வழியெல்லாம் நண்பர்கள் ஒருவரையொருவர் கலாய்ப்பது ஸ்பீக்கரில் கேட்டபடியே இருந்தது. பூந்தமல்லியும் தெளிவு. செல்வி பேருந்து நிலையத்தருகே நிறுத்தி அர்ச்சனைப் பை வாங்கினாள்.

"மாங்காட்டுல முதல்ல அம்மன், அப்புறம்தான் உங்க பேச்சு" என்றவள், பையை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, மல்லிகைச் சரத்தை ரேடியோவின் முகப்பு மறையச் சுற்றினாள்.

குமணன்சாவடியில் மாங்காட்டுப் பக்கம் திரும்பியபோதுதான் கவனித்தேன். ஸ்பீக்கரில் மூச்சுப் பேச்சில்லை. ஒலியைக் கூட்டினேன், ஒயரை ஆட்டினேன், ஃபியூஸைத் தடவினேன். ஊஹூம்!

"போச்சு செல்வி, செட்டு செத்துப்போச்சு! நாயகம் சாராவது வாயைத் திறக்கக் கூடாதா? தகரடப்பாவுல கூழாங்கல்லை உருட்டுற மாதிரி அந்தக் குரல், அதைக் கேட்டாக்கூட போதும்!"

"போனா போகட்டும் விடுங்க. நிஜத்தைச் சொல்லட்டுமா? இது கிடைக்கலைன்னா எனக்கு நிம்மதிதான். வெள்ளத்துல நீங்க தனியா போறதை நினைச்சாலே தூக்கம் வர மாட்டேங்குது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பீங்களாக்கும்! கிடைச்சா வண்டியை நான்தான் ஓட்டுவேன். நீங்க ஓட்டுற அழகுக்கு வெள்ளம் வேற வரணுமா?"

ரேடியோ போனால் போகிறது என்று ஒரு நிமிடம் நிஜமாகவே தோன்றியது.

கோயில் தெருவில் வண்டியை நிறுத்தி, செல்வி பையைத் தூக்கினாள். அவ்வளவுதான், ஸ்பீக்கரிலிருந்து ஒரே சிரிப்பு! நான்கைந்து பேர் ஒன்றன்பின் ஒன்றாகச் சிரித்தார்கள். பை இருந்த இடத்தில் என் மைக் கிடந்தது. இத்தனை நேரமும் அதன் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது அர்ச்சனைத் தேங்காய்! ஒலிபரப்பில் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கோ மல்லிகைக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. நாங்கள் பேசியதெல்லாம் ஊருக்கே போயிருக்கிறது.

"மாங்காட்டுக்குத் தனியா பரீட்சை வேணாம்" என்றார் நாயகம் சார். "குமணன்சாவடியிலேர்ந்து கோயில் வரைக்கும் ஒரு வார்த்தை விடாம கேட்டோம். இவ்வளவு தெளிவா எந்த வண்டியும் பேசினதில்லை. மழைக்கு உங்க வண்டிதான். ஒரே நிபந்தனை, அம்மாதான் ஓட்டணும்."

செல்வி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கோ சந்தோஷத்தில் குதிப்பதா, வெட்கத்தில் சீட்டுக்கடியில் ஒளிவதா என்று தெரியவில்லை. 'ஒரு வார்த்தை விடாம' என்றாரே!

அர்ச்சனை முடித்து, உடைத்த தேங்காயில் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு ஐயப்பன்தாங்கலுக்கு விட்டோம். பேருந்துப் பணிமனையைத் தாண்டினால் நாயகம் சாரின் குடியிருப்பு. வழிநெடுக மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாம் மாடியில் அழைப்பு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் தேங்காய் மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க வாங்க, தகரடப்பா வீடு இதுதான்!"