மாரடைப்பு என்று எழுதிய மரண அறிவித்தல்

ஒஸ்லோவில் தமிழர் வீட்டில் சாவு விழுந்தால் எனக்கு அழைப்பு வரும். மரண அறிவித்தல் எழுதுகிறவன் நான். யாருக்கு அன்பு மகன், யாருக்குப் பாசமிகு மைத்துனன் என்று முறை பிசகாமல் எழுதுவேன் என்று பெயர். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

போன மாரிக் குளிரில், நான் இருக்கும் எல்லிங்ஸ்ருட் பகுதியில் பக்கத்துக் கட்டிடத்து நண்பரின் மகள் இறந்தாள். பதினேழு வயது. பரீட்சைப் பயத்தைத் தணிக்கும் என்று ஃபோன் வழியாக யாரிடமோ வாங்கிய மாத்திரை. பார்வைக்கு மருந்துக்கடை மாத்திரைதான். உள்ளே ஹெரோயினைவிடக் கடுமையான ஏதோ செயற்கை மருந்து இருந்ததாகப் பொலிஸ் சொன்னது.

நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, மாரடைப்பு எண்டு போடுங்கோ. சனம் பிள்ளையைப் பற்றிக் கண்டபடி கதைக்கும்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் மூடிக் காட்டினேன். அந்தத் தகப்பனுக்கு என்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையில், பதினாறு வயதான என் மகள் சமையலறைக்கு வந்து மேசையில் மாத்திரை ஒன்றை வைத்தாள்.

"பக்கத்துக் கட்டிடத்து அக்கா முந்தி ரெண்டு தந்தவ. ராத்திரி ஒண்டு போட்டனான். மூச்செடுக்கக் கஷ்டமாக் கிடக்கு, அப்பா."

"அவ எப்பிடிச் செத்தவ எண்டு தெரிஞ்சுமோ போட்டனீ?"

"ஹார்ட் அட்டாக் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்."

அம்புலன்ஸ் வரும்வரை அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்தாள். அந்த மாத்திரையில் மருந்து குறைவாக இருந்திருக்கும், அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர். என் சாமர்த்தியம் எதுவும் அவளைக் காப்பாற்றவில்லை.

நண்பரிடம் போய் உண்மையைச் சொல்ல விடுங்கள் என்று கெஞ்சினேன். எத்தனை பிள்ளைகளிடம் அந்த மாத்திரை இருக்கிறதோ என்றேன். அவர் அழுதார்.

"வேண்டாம் அண்ணை. தாய் தாங்கமாட்டா."

அவருடைய பிள்ளை, அவருடைய துக்கம். எழுந்து வந்துவிட்டேன். என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் சாப்பிடும்போது, தெரிந்தவர் ஒருவர் தன் இரண்டு மகள்மாருடன் அருகில் வந்தார். இருவரும் இறந்தவளின் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள்.

"பிள்ளைக்கு முந்தியே இதய வருத்தம் இருந்ததோ?" என்று கேட்டார்.

எதிரே இருந்த, இறந்த பிள்ளையின் தாய் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றேன்.