தமிழ் மனையும் கன்னட மனெயும்

என்னைப் பெண் பார்க்க வந்தவனை ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை. ‘அவன்’ என்றே எழுதுகிறேன். மைசூரில் ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தா. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அம்மா இல்லாத வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். கல்யாணம் ஏறக்குறையப் பேசி முடிந்திருந்தது. பெண் பேரில் ஒரு மனை எழுதிவைப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். நஞ்சன்கூடு ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த வெற்றிடத்தைத்தான் சொன்னார்.

தமிழில் மனை என்றால் வீடு கட்டுகிற இடம். கன்னடத்தில் மனெ என்றால் கட்டிய வீடு. மைசூர்த் தமிழர்களான நாங்கள் இரண்டு பாஷையையும் ஒரே வாயில் குழப்பிப் பேசுகிறவர்கள், பேச்சில் இரண்டும் ஒரே சத்தம்தான். அது அன்றைக்கு அப்பாவுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

யுத்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவனும் அவன் தாயாரும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சர்க்கரை கிடைக்காத நாளிலும் அந்த அம்மாளுக்குக் காப்பி இனிப்பாக வேண்டும். அவன் கக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளத்துக் கண்டோன்மெண்டில், ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பியபோது ஏலத்தில் எடுத்தது. உள்ளே, வீடு கட்டி வியாபாரம் செய்கிற ஆட்டம். லண்டன் தெருப் பெயர்களின் மேல் எங்கள் ஊர்ப் பெயர்களை எழுதிக் கோந்து போட்டு ஒட்டியிருந்தான்.

ஆட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். அருமையான ஆட்டம். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்த வேண்டும். காய் நிற்கிற இடம் யாருக்கும் சொந்தமில்லை என்றால் விலைக்கு வாங்கலாம், அதற்கு ஒரு சீட்டு கைக்கு வரும். பிறகு அங்கே வந்து நிற்கிறவர்கள் வாங்கியவருக்கு வாடகை தர வேண்டும். ஒரே நிறத்து இடங்கள் எல்லாம் ஒருவரிடம் சேர்ந்துவிட்டால் அவற்றின்மேல் சின்னச் சின்ன மரவீடுகள் வைக்கலாம், வாடகை எகிறிவிடும். காகிதப் பணத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தோல்விதான், ஆரம்பத்திலேயே வாங்கிப் போட வேண்டும். நிறங்கள் ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும்போது பேரம் தொடங்கும். அங்கேதான் ஆட்டமே இருக்கிறது. வாயால் ஒப்புக்கொண்டதை மாற்றக்கூடாது.

ஆனால் அவனோடு ஆடுவது! நோட்டை எண்ணும்போதெல்லாம் கட்டைவிரலை நாக்கில் தோய்ப்பான். அந்த ஈர நோட்டை என் கையில் கொடுப்பான், நான் முந்தானையால் வாங்குவேன். போண்டா தின்ற விரலாலேயே பகடையை உருட்டுவான். எனக்கு வாடகை வந்தால் அவன் முகம் செத்துப்போகும். அப்பா தோற்கத் தொடங்கினால் பல்லெல்லாம் வெளியே தெரியும். பெரியவர் என்ற மரியாதைகூட இல்லை. எல்லா ஆண்களும் இப்படித்தானோ என்னவோ என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பச்சை நிறம் முழுக்க இருந்தது, மேலே நாலைந்து மரவீடுகளும் இருந்தன. மஞ்சளில் தேவராஜ மொஹல்லா மட்டும் என்னுடையது, மற்றவை அவனுடையவை. அதற்காக அவன் வாரக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தான், நான் அசைந்துகொடுக்கவில்லை. அன்று என் காய் அவன் இடத்தில் போய் நின்றது. வாடகைக்கு என்னிடம் பணம் போதவில்லை.

“ஒரு மனெ குடுத்துடுங்க, வாடகையே பேடா, வேண்டாம்” என்றான்.

அவன் மரவீட்டை எப்போதும் மனெ என்றுதான் சொல்வான். அதனால் சரியென்று ஒரு மரவீட்டை எடுத்து நீட்டினேன். அவன் அதைத் தொடவில்லை. குனிந்து என் முன்னாலிருந்த தேவராஜ மொஹல்லா சீட்டை உருவிக்கொண்டான்.

“இதென்ன அக்கிரமம்? இந்தக் கட்டையத்தானே மனெ மனெம்பீங்க?”

“அது கன்னட. இப்ப நாம பேசறது தமிழ் அல்லவா? தமிழ்ல மனைன்னா சைட்டு. தமிழ் டீச்சருக்கு நான் சொல்லிக்குடுக்கணுமா?”

அவன் தாயாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “எம் பையன் எங்கயும் ஏமாறமாட்டான்” என்றாள்.

“ஆட்டந்தானே, விடும்மா” என்றார் அப்பா.

என்னால் விட முடியவில்லை. அந்த அம்மாள் வருகிற போதெல்லாம் எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுவரைத் தட்டிப் பார்ப்பாள், உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பாள், கிணறு கோடையில் வற்றுமா என்று விசாரிப்பாள். மருமகள் வளர்ந்த வீடு என்ற பாசம் என்று நினைத்திருந்தேன்.

“ஒண்ணு கேக்கறேன். எங்கப்பா ஒரு மனை எழுதிவைக்கறேன்னாரே, அது தமிழா, கன்னடமா?”

அவன் தாயைப் பார்த்தான். அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அது கன்னடந்தான் கண்ணு. இந்த மனெயத்தானே சொன்னாரு? உங்கப்பாவுக்கென்ன, ஒண்டிக்கட்டை. பின்னால விறகு ரூம் இருக்கு, தாராளமா முடங்கிக்கலாம். அடுப்படிய மட்டும் இடிச்சுக் கட்டணும்.”

அம்மா சமைத்த அடுப்படி அது. அப்பா கையிலிருந்த நோட்டுகளைப் பலகைமேல் வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குள் தனிக் கன்னடத்தில் பேசுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. அன்றைக்குப் பேசினார்.

“நிம்ம மனெகெ நீவு ஹோகி.”

உங்கள் வீட்டுக்கு நீங்கள் போங்கள். அதில் எந்தப் பாஷைக்காரருக்கும் சந்தேகம் வராது.

அந்த அம்மாள் புடவையை உதறிக்கொண்டு, எங்கள் குலத்தையே வைதபடி தெருவில் இறங்கினாள். அவன் இறங்கவில்லை. வாசல்படியில் பெட்டியைத் திறந்து மரவீடுகளை எண்ணிக்கொண்டிருந்தான். கல்யாணம் முறிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“ஒண்ணு கம்மி இருக்கே” என்றான்.

அவன் தொடாமல் விட்டது என் கைக்குள்ளேயே இருந்தது. வாசலில் ஓடுகிற சாக்கடையில் அதைப் போட்டேன். அவன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குனிந்தான். துழாவி எடுத்து, வேட்டியில் துடைத்து, மற்ற வீடுகளோடு பெட்டிக்குள் போட்டுக்கொண்டு தாயார் பின்னால் நடந்தான்.