முடிச்சு மிஸ்

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சின்னப் பிள்ளைகளின் கதைப் புத்தகத்தை எடுத்தால் கூட்டாளிகள் கேலி செய்வார்கள். பள்ளி நூலகத்து மிஸ் அதைக் கவனித்தார். ஒரு பெரிய நாவலின் மேலுறையைக் கழற்றி அந்தச் சின்னப் புத்தகத்துக்கு மாட்டி, பேசாமல் அவன் கையில் கொடுத்தார். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் முடிச்சு மிஸ். பழைய பெரிய நாவல்களை எல்லா வகுப்புக்கும் கொடுப்பார். ஆனால் பிள்ளைகளின் மனம் தாங்காத அத்தியாயங்களைச் சேர்த்து நூலால் கட்டி முடிச்சுப் போட்டுவிடுவார். ஆறாம் வகுப்பு என்றால் முடிச்சு வரைக்கும்தான். எட்டாம் வகுப்புக்கு வந்தால் அவரே அவிழ்த்துத் தருவார். மீனில் முள் எடுத்து ஊட்டுவதில்லையா, அது மாதிரிதான் என்பார்.

அன்று பள்ளி விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். சுண்டெலி என்று வகுப்பே கூப்பிடும் ஆறாம் வகுப்புச் சிறுமி மட்டும் நூலகத்தில் இருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு அன்று இதய ஆபரேஷன். முடிந்ததும் பள்ளிக்குப் போன் செய்வதாக அப்பா சொல்லியிருந்தார். மதியமே வர வேண்டிய போன் இன்னும் வரவில்லை. கூட்டிப்போக வேண்டிய சித்தியையும் காணோம்.

சுண்டெலியின் கையில் கலங்கரை விளக்கக் காவலர் குடும்பத்தின் கதை. அதில் அம்மா காய்ச்சலில் கிடக்கிறாள். டாக்டரை அழைத்து வரப் படகு போயிருக்கிறது. அதற்கு மேல் முடிச்சு. போன வாரம் அதைக் கொடுத்தபோது மிஸ்ஸுக்கு அவள் வீட்டு நிலைமை தெரியாது. இப்போது ஏன் கொடுத்தோம் என்றிருந்தது.

"மிஸ், இத அவுத்து விடுங்க."

எட்டாம் வகுப்பில் பார்க்கலாம் என்று சொல்லி, யானைக்குட்டிக் கதை ஒன்றை நீட்டினார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த அம்மா செத்துட்டாங்க, அதான?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான் மிஸ். சந்தோஷமான பக்கத்த யாராவது கட்டி வெப்பாங்களா?"

மிஸ்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக ஒளித்து வைத்ததாக நினைத்திருந்தார். ஒவ்வொரு முடிச்சும் விஷயத்தைப் போட்டு உடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கதையில் அந்த அம்மா பிழைத்துவிட்டாள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஒரு பொய்தானே, கடவுள் மன்னிப்பார். ஆனால் போனில் என்ன செய்தி வந்தாலும், இந்தப் பிள்ளையிடம் அதைத் தான்தான் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது தன் பேச்சை அவள் நம்ப வேண்டாமா? கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். பிறகு கத்தரிக்கோலால் நூலை வெட்டினார்.

"பக்கத்துல வா. நான் படிக்கிறேன். போதும்னா சொல்லு, நிறுத்திடறேன்."

படகு திரும்பியது. டாக்டர் வந்தார். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள். சுண்டெலி மிஸ்ஸின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போதுமா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினாள். அடுத்த பக்கத்தில், அன்று இருட்டியதும், அந்த வீட்டு மகள் கப்பல்கள் வருமே என்று அழுதுகொண்டே விளக்கேற்றப் படியேறினாள். இந்தப் பக்கத்தையும் சேர்த்தல்லவா கட்டி வைத்தோம் என்று மிஸ்ஸுக்கு உறைத்தது.

வராந்தாவில் யாரோ ஓடிவரும் சத்தம். பள்ளி ஆயா வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். மிஸ் சுண்டெலியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பாப்பா, அம்மா கண்ணு முழிச்சிட்டாங்களாம். உன்னத்தான் கேட்டாங்களாம்."

அப்போதுதான் சுண்டெலி வாய்விட்டு அழுதாள். மிஸ்ஸும் சேர்ந்துகொண்டார். நல்ல செய்திக்கே இந்தக் கூத்தா என்று ஆயா முணுமுணுத்தாள்.

மறுநாளே எல்லா முடிச்சுகளும் போயின. அதன் பிறகு, எந்த வகுப்பு என்பதோடு, வீட்டில் யார் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாய் என்றும் கேட்டுத்தான் நாவல்களைக் கொடுத்தார். பெயர் மட்டும் மாறவில்லை.

ஆண்டு முடிவில் சுண்டெலியின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். விடைபெற வந்தவளுக்கு மிஸ் அதே கதையின் புதுப் பிரதி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. அன்று வாசல் வரை வந்து அவர் சொன்னது இதுதான்:

"பயமா இருக்கற பக்கம் வந்தா மூடி வெச்சிடாத கண்ணு. யாரையாவது பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, அதுக்கு அடுத்த பக்கத்தையும் படிச்சிடு."