மோட்டார் கொட்டகை பல்பு

சோலார் பம்பு ஓடிய முதல் நாள் அப்பா, அம்மா, நான், பம்பு மாட்ட வந்த ஃபிட்டர் நால்வரும் கிணற்றடியில் இருந்தோம். அக்கா வரவில்லை; ஓசூரில் அவள் குழந்தைக்குக் காய்ச்சல்.

கொட்டகையில் தொங்கிய சிவப்பு பல்பை ஃபிட்டர் கழற்றினார். "இனிமே இது எதுக்குங்க? வெயிலப் பாத்தாலே தெரிஞ்சிடுமே."

மோட்டாரை ஓட்டும் மும்முனை கரண்ட் வந்தால்தான் அந்த பல்பு எரியும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் ஐந்தாவது படித்தபோது, அக்காவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்திருந்தார்கள். வீடெல்லாம் கேசரி நெய் வாசனை. பேச்சு தொடங்கும் நேரத்தில் அம்மா ஜன்னலைப் பார்த்துவிட்டு, "பல்பு எரியுதுங்க" என்றாள். வயலில் நெற்பயிர் நான்கு நாளாகத் தண்ணீரில்லாமல் காய்ந்து கிடந்தது. அப்பா புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மடை திருப்பிவிட்டு முழங்கால் சேற்றோடு அவர் திரும்பியபோது, வந்தவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணவிட மோட்டாருதான் ஒசத்தி போல" என்று மாப்பிள்ளையின் மாமா சிரித்தார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

அப்பா பல்பை வாங்கித் துண்டால் துடைத்தார். "அன்னிக்கு நெல்லு பொழச்சுதில்ல" என்றார்.

"பொழச்சுது" என்றாள் அம்மா. "ஒருத்தங்க வேணாம்னுட்டுப் போன பொண்ணுன்னு, அடுத்து வந்தவங்க மூணு சவரன் ஜாஸ்தி வாங்கிட்டாங்க."